திருப்பிச் சொல்லு, யோகராணி

யோகராணிக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நன்றாகவே ஓட்டுவாள். காற்றுக் குறுக்கே அடித்தாலும் சக்கரம் நோகாமல் இறக்குவாள். அவளுக்கு வராதது ஒன்றே ஒன்று: யாராவது ஒன்றைச் சொன்னால் அதைத் திருப்பிச் சொல்ல வராது. அந்த ஒன்றால்தான் 2007 செப்ரெம்பர் பதினைந்தாம் திகதி லைசென்ஸ் பரீட்சையைக் கோட்டைவிட்டாள்.

நடந்தது இதுதான். மொன்றியல் தீவுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள விமான நிலையத்தில் பரீட்சை. சின்ன விமானம், இரண்டே இரண்டு ஆசனம். ஒன்றில் இவள், மற்றதில் பரீட்சகர் அம்மா. கோபுரத்தில் இருந்தவர் ரேடியோவில் பிரெஞ்சில், "ஓடுபாதைக்கு முன்னால் நில்லுங்கள்" என்றார். விமானிகளின் வழக்கப்படி இவள் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லவேண்டும். கோபுரத்துக்காரர் அதைக் கேட்டு, "சரியாகத் திருப்பிச் சொன்னீர்கள்" என்பார். யோகராணி என்ன சொன்னாள் தெரியுமா? "வீ, வீ, மெர்சி." ஓம், ஓம், நன்றி. வாயால் சொல்லாதது மனதிலும் நிற்கவில்லை. கருவிகளைப் பார்த்தபடியே உருட்டிக்கொண்டு போனதில், நிற்கவேண்டிய மஞ்சள் கோட்டை முன்சக்கரம் தாண்டிவிட்டது. பரீட்சகர் அம்மாதான் பிரேக்கை மிதித்தார்.

மிச்சப் பரீட்சையைச் செய்ய விட்டார்கள். வானத்தில் கேட்டதெல்லாம் பிழையில்லாமல் செய்து காட்டினாள். ஆனாலும் கோட்டைத் தாண்டியது தாண்டியதுதான். தரையில் உருட்டுவதையும் ரேடியோவில் கதைப்பதையும் முப்பது நாட்களுக்குள் மறுபடி செய்து காட்டினால் லைசென்ஸ். முப்பது நாள் தாண்டினால் முழுப் பரீட்சையும் முதலிலிருந்து.

நான் கௌசலா. யோகராணிக்கும் எனக்கும் சென்-லோறனில் ஒரு தையற்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மெஷின். முன்பு இருவரும் ஷபனெல் தெருவில் சேட்டுக் கொலர் தைத்தோம். அந்த வேலைகளெல்லாம் கடல் கடந்து போனபோது தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். பிறகுதான் இந்த இடம் கிடைத்தது. பஸ்ஸுக்கும் படகுக்கும் சின்ன விமானங்களுக்கும் ஆசன உறை தைக்கிற இடம். முதலாளி ஒரு கிரேக்கர். அவருக்கு இருதய வருத்தம். எங்களால்தான் வந்தது என்பார்.

2005 வசந்த காலத்தில் ஆற்றுக்கு அப்பால் உள்ள பறக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆசனம் அளவெடுக்க யோகராணியை அனுப்பினார்கள். அங்கே பற்றிக் என்று ஒரு கியூபெக் பெடியன், இருபத்தாறு வயது, பறக்கப் பழக்குகிறவன். ஆசனம் எப்படி இறுக்கமாக இருக்கவேண்டும் என்று விளங்கப்படுத்துவதற்காக, "மதாம், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோமா?" என்று கேட்டிருக்கிறான். இவளும் வழக்கம்போல "வீ, வீ" என்றிருக்கிறாள். அடுத்த நாள் என் பக்கத்து மெஷினில் வந்து இருந்தவள் வேறு யோகராணி. நூல் கோத்துவிட்டு அரைமணி நேரம் தைக்காமல் இருந்தாள்.

"அக்கா, நான் பிளேன் பழகப் போறன்" என்றாள். நான் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை, ஊசி விரலில் ஏறும்வரை சிரித்தேன். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், ஏணியில் ஏறினால் தலை சுற்றும் என்று திரைச்சேலை மாட்டவே என்னைக் கூப்பிடுகிறவள். ஏன் என்று கேட்டேன். அவள் திருகோணமலைக்காரி. நான் யாழ்ப்பாணம். விமானச் சத்தம் கேட்டால் குப்புறப் படுக்கிற பிறப்பு இரண்டு பேருடையதும்.

"இருபத்தஞ்சு வயசு மட்டும் பிளேனை நான் வடிவாப் பாத்ததில்லை அக்கா. சத்தம் கேட்டா பங்கருக்குள்ள முகத்தை மண்ணில புதைச்சிடுவம். மேல இருக்கிறவனுக்குக் கீழ என்ன தெரியும் எண்டு ஒருக்காப் பாக்கவேணும். நேற்றுப் பாத்தன். எல்லாம் தெரியுது. ஒரு மனிசி உடுப்புக் காயப்போடுறதுகூடத் தெரியுது."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்து விமானங்கள் எல்லாவற்றுக்கும் அவள் வார இறுதியில் ஆசனம் தைத்துக் கொடுப்பது, அவர்கள் பறக்கப் பழக்குவது என்று ஒப்பந்தம். இரண்டரை வருடம் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை.

இந்த "ஓம்" வியாதியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது அவளுக்கு மட்டும் உள்ளதல்ல, எங்கள் எல்லாருக்கும் உள்ளது. பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? "என்ன, பழிப்புக் காட்டுறியோ?" என்று கன்னம் பழுக்கும். பெரியவர் சொன்னால் "ஓம்" என்று தலையாட்டவேண்டும். அந்த "ஓம்" கேட்டது என்றும் பொருள்படும், செய்கிறேன் என்றும் பொருள்படும், நீ சொல்லிக்கொண்டிரு நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்றும் பொருள்படும். யோகராணி இந்த மூன்றாவதில் பட்டம் எடுத்தவள். அவளுடைய புருஷன் கிருபானந்தனுக்குக் கல்யாணம் முடித்த நாளிலிருந்து "ஓம்" தவிர வேறு பதில் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. பறக்கப் பழகப் போகிற விசயத்தை அவனிடம் சொன்னபோது, "உதெல்லாம் வேண்டாம்" என்றானாம். "ஓம்" என்றுவிட்டு அடுத்த சனிக்கிழமை போய்விட்டாள். அவனும் இது இரண்டு மாதத்தில் அடங்கிவிடும் என்று விட்டுவிட்டான்.

பரீட்சை பிழைத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பழைய படப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். விமான லைசென்ஸ் தொடங்கிய காலத்துக் கதைகள் உள்ள புத்தகம். பற்றிக் ஆறுதலுக்குக் கொடுத்தது. மதியச் சாப்பாட்டு நேரம் பாணும் சம்பலும் ஒரு கையில், புத்தகம் மறு கையில்.

"பாருங்கோ அக்கா, பிரான்சில முதல் முதல் லைசென்ஸ் குடுக்கேக்க பரீட்சையே வைக்கேல்லையாம். ஏற்கெனவே பறந்த ஆக்களுக்கு அகரவரிசையில இலக்கம் போட்டுக் குடுத்திருக்கிறாங்கள்."

"யோகராணி எண்டா கடைசி இலக்கம்தான் வந்திருக்கும்" என்றேன்.

பிறகு பரீட்சை வந்திருக்கிறது. ஐந்நூறு மீற்றருக்குள் இரண்டு கம்பம் நடுவார்கள். அவற்றைச் சுற்றி எட்டு எட்டாகப் பறந்து ஐந்து கிலோமீற்றர் முடிக்கவேண்டும். ஐம்பது மீற்றர் உயரம் ஏறிக் காட்டவேண்டும். குறித்த இடத்திலிருந்து ஐம்பது மீற்றருக்குள் இயந்திரத்தை நிறுத்தி இறக்கவேண்டும். அவ்வளவுதான். ரேடியோ இல்லை, கோபுரம் இல்லை, ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

"நான் அப்பவே பிறந்திருந்தா பாஸ்" என்றாள்.

அடுத்த பக்கத்தில் 1928இல் லைசென்ஸ் எடுத்த கனடாவின் முதல் பெண் விமானி. பெண் பறக்கப் பழகலாமா என்று அரசாங்கத்திடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகுதான் அவளுக்குப் பழக்கினார்களாம். யோகராணி அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தாள்.

"அவ அரசாங்கத்தைத்தானே கேட்டவ. அது சுகம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. 1928இல் ஒருத்தி வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள். இவள் 2007இல் பாணை மென்றுகொண்டு அதைச் சுகமான வேலை என்கிறாள். புத்தகத்தைப் பறித்து மூடினேன். "இருபத்தெட்டு நாள் கிடக்கு. இண்டையிலயிருந்து நான் கோபுரம். நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லு" என்றேன்.

"ஓம் அக்கா."

"ஓம் இல்லை! திருப்பிச் சொல்லு!"

அவள் முகம் சிவந்துபோனது. என்னை அவமதிப்பதுபோல் இருக்கிறதாம். முதல் நாள் ஆறு முறைதான் திருப்பிச் சொன்னாள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. நான் விடவில்லை. "நீல றெக்சினை எடு." "நீல றெக்சின், எடுக்கிறன்." "சரியாத் திருப்பிச் சொன்னாய்." "கத்தரிக்கோலை இஞ்ச தா." "கத்தரிக்கோல், உங்களுக்குத் தாறன்." "சரியாத் திருப்பிச் சொன்னாய்." இரண்டாம் கிழமை முதலாளி வந்து, பன்னிரண்டு உறை, சாம்பல் நிறம், இரட்டைத் தையல் என்றார். யோகராணி எழுந்து நின்று, "பன்னிரண்டு உறை, சாம்பல் நிறம், இரட்டைத் தையல்" என்று பிரெஞ்சில் சொன்னாள். மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தன்னைப் பகிடி பண்ணுகிறாள் என்று பத்து நிமிடம் கத்தினார். ஆனால் அந்தக் கிழமை ஒரு உறைகூடப் பிழையாக வெட்டுப்படவில்லை. அதற்குப் பிறகு கூடத்தில் எல்லாரும் திருப்பிச் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். என்னையும்தான்.

பற்றிக்கும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தான். வானத்தில் "ஓம்" என்று ஒரு பதிலே கிடையாதாம். ஒன்றில் சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டும், இல்லையென்றால் "அம்போசிபிள்" என்று சொல்லவேண்டும். ஏலாது என்று அர்த்தம். அப்படிச் சொன்னால் கோபுரத்தில் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள், வேறு வழி தருவார்கள். விமானத்துக்குப் பொறுப்பு அதை ஓட்டுகிறவர்தான், கோபுரம் இல்லை.

"ஏலாது எண்டு நான் இதுவரைக்கும் ஆருக்கும் சொன்னதில்லை அக்கா" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள், ஞாயிறு மதியம், ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டுக்கு மீன்குழம்பு கொண்டு போயிருந்தேன். கிருபானந்தன் நல்லவன். குடி இல்லை, கைநீட்டுவதில்லை. களஞ்சியசாலையில் வேலை, டொலார்ட் முருகன் கோயிலில் தொண்டு. ஆனால் உத்தரவு போடாமல் அவனுக்கு ஒரு வசனமும் வராது. அன்று சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கௌசலாக்கா, நீங்களும் கேளுங்கோ. கோயில்ல நேற்று ஒருத்தர் கேக்கிறார், 'உங்கட மனிசி இன்னும் கீழ இறங்கேல்லையோ' எண்டு. சிரிக்கினம். அதை விடுங்கோ. இந்த வருசம் ஊர்ச் செய்தியைப் பாத்தனியள்தானே. இயக்கம் பிளேனில வந்து குண்டு போட்டதுக்குப் பிறகு தமிழரும் பிளேனும் எண்டு பேப்பரெல்லாம் அடிபடுது. நாளைக்கு ஒருத்தன் வந்து ஏன் உன்ர மனிசி பிளேன் பழகிறா எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? சிற்றிசன் பேப்பரைக் காட்டுறதோ?"

அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கும் அது இருந்தது.

அவன் யோகராணியைப் பார்த்தான். "அதைவிட, நீர் மேல போற ஒவ்வொரு சனியும் நான் போனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு இருக்கிறன். எனக்கு ஏலாது. இனி அங்க போகத் தேவையில்லை."

"ஓம்" என்றாள் யோகராணி.

மூன்று கிழமையாகத் தொண்டை கிழியக் கத்தினேனே, எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். மீன்சட்டியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடியும் நேரம் அவள் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு என்னை ஏத்திக்கொண்டு போவீங்களோ அக்கா? கார் அவரிட்ட."

"நீ ஓம் எண்டெல்லோ சொன்னனீ?"

"ஓம். கேட்டது எண்டு சொன்னனான்."

"எடியே, அதுக்குப் பேர் பயம்" என்றேன். "அந்தாள் உன்னை நினைச்சுப் பயப்பிடுது. நீ அந்தாளுக்குப் பயந்து ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் களவாப் போறாய். அதுக்குக் கோடு தாண்டினது பரவாயில்லை." அவள் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. நான் சொன்னது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் திருப்பி எடுக்கவில்லை.

ஒக்ரோபர் பதின்மூன்று, சனி. இருபத்தெட்டாவது நாள். அடுத்த நல்ல காலநிலை எப்போது வரும் என்று முருகனுக்கும் தெரியாது. சம்பிளேன் பாலத்தில் வாகன நெரிசல். வழி முழுக்க அவள் தன்பாட்டில் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வேகத்தைக் குறை என்று எனக்கே சொன்னால்கூட, "வேகத்தைக் குறைக்கிறன்" என்றாள்.

நானும் பற்றிக்கும் கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றோம். அவன் கையில் கோபுரத்துப் பேச்சைக் கேட்கிற ஒரு சின்ன ரேடியோ. முதல் உத்தரவு வந்தது. யோகராணியின் குரல் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னது. "சரியாகத் திருப்பிச் சொன்னீர்கள்" என்றது கோபுரம். நான் பற்றிக்கின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். விமானம் உருண்டு வந்தது. "ஓடுபாதைக்கு முன்னால் நில்லுங்கள்." "ஓடுபாதைக்கு முன்னால் நிற்கிறேன்." முன்சக்கரம் மஞ்சள் கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது. பற்றிக் மூச்சை விட்டான்.

பிறகுதான் அது நடந்தது. தூரத்தில் ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. கோபுரம் அவசரமாகச் சொன்னது: "இறங்க ஒருவர் வருகிறார். தாமதிக்காமல் உடனே புறப்படுங்கள்."

ரேடியோவில் ஒன்றும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். "திருப்பிச் சொல்லடி" என்று எனக்குள் கத்தினேன். இத்தனை நாளும் இதற்குத்தானே பாடுபட்டோம்.

"அம்போசிபிள்" என்றாள் யோகராணி. "ஓடுபாதைக்கு முன்னாலேயே நிற்கிறேன்."

பரீட்சை நேரத்தில் கோபுரத்துக்கே மறுப்பா? முடிந்தது கதை என்று நினைத்தேன். கோபுரமோ வெகு சாதாரணமாக, "விளங்கியது, நில்லுங்கள்" என்றது. மற்ற விமானம் இறங்கி ஓடி ஒதுங்கியது. அதன் பிறகு அவளைப் புறப்படச் சொன்னார்கள். திருப்பிச் சொன்னாள். ஏறினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், சக்கரம் நோகாமல் இறக்கினாள்.

விசயத்தைப் பரீட்சகர் அம்மா சொல்லித்தான் அறிந்தோம். யோகராணி குள்ளம். ஆசனத்தை முன்னுக்கு இழுத்துத்தான் ஓட்டுவாள். உருட்டும்போது ஆசனம் அடியில் உள்ள தண்டவாளத்தில் ஒரு நூல் அளவு அசைந்திருக்கிறது. பூட்டுமுள் துளைக்குள் சரியாக விழவில்லை. புறப்படும்போது அது பின்னால் வழுக்கினால் ஓட்டுகிறவரின் கை சுக்கானையும் சேர்த்து இழுத்துவிடும், விமானம் மூக்கைத் தூக்கிவிடும். வேறு யாருக்கும் அந்த அசைவு தெரிந்திருக்காது. அவள் அந்த ஆசனத்தைத் தைத்தவள். இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. நின்று, ஆசனத்தை அசைத்து, முள் விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் புறப்பட்டிருக்கிறாள்.

"போன முறை நான் பிரேக் மிதித்தேன். இந்த முறை நான் காலைத் தூக்கவே இல்லை" என்றார் அந்த அம்மா. தற்காலிக லைசென்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டார். யோகராணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். பற்றிக் தன் கைக்குட்டையைத் தந்தான்.

அவளை வீட்டில் விடப் போனேன். ரொக்ஸ்பரோவில் வீட்டுக்கு முன்னால் கிருபானந்தன் மேப்பிள் சருகுகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தான். என் காரைக் கண்டதும் சருகுவாரியை ஊன்றிக்கொண்டு நின்றான். சட்டைப் பையில் கைத்தொலைபேசி. அவள் எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரே சருகை வாரியிருக்கிறான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

அவள் இறங்கிப் போய்த் தாளை நீட்டினாள். அவன் வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான். கண்ணைத் துடைத்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் சொன்னான்.

"சரி. எடுத்தாச்சுத்தானே. ஆசை தீர்ந்துது. இனி அந்தப் பக்கம் போகத் தேவையில்லை."

நான் காரின் கண்ணாடியை இறக்கினேன். இப்போது "ஓம்" என்று சொன்னாளோ, சத்தியமாக நான் இறங்கிப்போய் அந்த வாரியைப் பறித்திருப்பேன்.

யோகராணி நிமிர்ந்து நின்றாள். ரேடியோவில் கேட்ட அதே குரல், அதே நிதானம்.

"லைசென்ஸ் எடுத்தாச்சு, இனிப் போகத் தேவையில்லை எண்டு சொல்லுறீங்கள். எனக்கு வடிவாக் கேட்டது. நீங்கள் பயப்பிடுறதும் விளங்குது. இறங்கின உடன போன் எடுப்பன்." ஒரு மூச்சு எடுத்தாள். "ஆனா, ஏலாது."

கிருபானந்தன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவன் கல்யாணம் முடித்த பெண்ணிடம் அந்தச் சொல் இருந்தது அவனுக்குத் தெரியாது.

"இறங்கின உடன போன்... ஆனா, ஏலாதோ?" என்றான்.

"ஓம்" என்றாள் யோகராணி. "சரியாத் திருப்பிச் சொன்னீங்கள்."